கத்தரி வெயிலில் கம்பளித் தொப்பி

அத்தியாயம் 4

"காணாம போனவர் பேர் என்ன?" என்று தாரா கேட்டாள்.

"ராக்கிங்க."

"அது மேடைக்கு வச்சுக்கிட்ட பேர். அப்பா அம்மா வச்சது?"

"தெரியாதுங்க."

"வீடு?"

"வாலாஜாபாத்துல அரிசி மில்லுக்குப் பக்கத்துலன்னு சொன்னாரு. போய்ப் பார்த்தோம். மில்லு இருக்குது. அதுக்குப் பக்கத்துல இன்னொரு மில்லு இருக்குது."

"ரெண்டுக்கும் நடுவுல பூந்து மாவாயிட்டாரு போல" என்றார் கண்ணாயிரம்.

தாரா அவரை ஒருமுறை பார்த்தாள். கண்ணாயிரம் மின்விசிறியைப் பார்த்தார். அவர்களுக்கு இடையிலான அலுவலக ஒழுங்குமுறை பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடும்.

காஞ்சிபுரம் காந்தி சாலையில், ஒரு பட்டுக்கடையின் மாடியில் இயங்கிய தாரா துப்பறியும் நிலையத்திற்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை திருமண விசாரணைகள். மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்பவற்றுக்கு மேல் அவை செல்வதில்லை. தாராவின் உதவியாளர் கண்ணாயிரம் முன்பு ஒலிபெருக்கிக் கடை நடத்தியவர். கடை மூடப்பட்டது. குரலின் அளவு மட்டும் குறையவில்லை.

எதிரே அமர்ந்திருந்த இளைஞன் தாவீது. 1999ஆம் ஆண்டு மே மாதத்தின் கத்தரி வெயிலில் முழுக்கைக் கட்டம்போட்ட சட்டையும், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸும் அணிந்திருந்தான். மாதாகோயில் பாடகர் குழுவில் கிட்டார் கற்றவன். இப்போது 'துரு' என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞன்.

"என்னா வகை பாட்டுப்பா அது?" என்றார் கண்ணாயிரம்.

"கிரஞ்ச். அமெரிக்காவுல சியாட்டில்னு ஒரு ஊரு. அங்க பொறந்தது. சத்தம் சுத்தமா இருக்கக் கூடாது, துணி புதுசா இருக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது."

"என் கடையில ஆம்ப்ளிஃபையர் ரிப்பேராகும்போதெல்லாம் அந்தப் பாட்டு வந்திருக்குது. நான்தான் பேர் தெரியாம அணைச்சுட்டேன்."

தாரா கேள்விக்குத் திரும்பினாள். "இன்னிக்கே கண்டுபிடிக்கணும்னு வந்திருக்கீங்க. ஏன் இன்னிக்கு?"

தாவீது சொன்னதன் சுருக்கம் இது. அன்று மாலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தருகே ஒரு கல்யாண மண்டபத்தில் துருவின் நிகழ்ச்சி. அதைக் கேட்கச் சென்னையிலிருந்து கேசட் நிறுவனத்தின் ஆதிகேசவன் வருகிறார். அவருக்குப் பிடித்தால் கேசட் வெளிவரும். பிடிக்காவிட்டால், திங்கட்கிழமை தாவீது மஸ்கட் செல்லவேண்டும். அங்கே அவனுடைய மாமா தேவசகாயம் ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். விசா வந்துவிட்டது.

"மாமாகிட்ட வாக்கு குடுத்திருக்கேன். கேசட் வந்தா இங்க இருப்பேன், இல்லன்னா கிளம்பிடுவேன்னு. ராக்கி இல்லாம துரு இல்லங்க. நான் கிட்டார் வாசிக்கிறேன், முருகேசன் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். அந்த மாதிரி ஆளு ஊருக்கு நாலு பேர் கிடைப்பாங்க. அந்தத் தொண்டை கிடைக்காது."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"போன ஞாயித்துக்கிழமை, ஸ்டூடியோவுல. கேசட் அட்டைக்கு முன்கூட்டியே ஒரு போட்டோ எடுத்து வைங்கன்னு கம்பெனில சொன்னாங்க. டீ குடிச்சிட்டு வரேன்னு போனாரு. வரவே இல்ல."

"போறதுக்கு முன்னால என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலங்க. போட்டோக்காரரு, தொப்பியக் கழட்டுங்க தம்பின்னு சொன்னாரு. அவ்ளோதான்."

தாரா, மேசைமேல் வைத்திருந்த பேனாவை மூடினாள். "என்ன தொப்பி?"

தாவீது பையிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்தான். கண்ணாயிரம் அதை மூலையிலிருந்த டெக்கில் போட்டார். செங்கல்பட்டில் ஒரு கல்லூரி விழாவில் துரு பாடியதன் பதிவு. எடுத்தவர் கல்யாண வீடியோக்காரர். தமக்குத் தெரிந்த கலை முழுவதையும் அவர் அதில் காட்டியிருந்தார். ராக்கி அலறத் தொடங்கியதும் திரையின் நான்கு மூலைகளிலிருந்தும் ரோஜா இதழ்கள் கொட்டின. முருகேசனின் முகம் இதய வடிவச் சட்டத்துக்குள் மிதந்து வந்து மறைந்தது.

"மாப்பிள்ள யாரு, பொண்ணு யாருன்னு சொல்லிட்டா வசதியா இருக்கும்" என்றார் கண்ணாயிரம்.

பாடலின் பெயர் 'பாவு அறுந்து போச்சு'. தறியில் நீளவாக்கில் ஓடும் இழை அறுந்தால் நெசவு நின்றுவிடும் என்பது காஞ்சிபுரத்தில் யாருக்கும் விளக்கவேண்டாத செய்தி. ராக்கியின் குரல், ஆழத்தில் கரகரத்துத் தொடங்கி மெல்ல ஏறி, உச்சியை அடைந்தபோது கூரைத் தகரம் கிழிவதுபோல் கிழிந்தது.

*பாவு அறுந்து கிடக்குது,
யாரு இழுத்தது தெரியல...*

அங்கே நிறுத்தினான். அடுத்த இரண்டு அடிகளை முருகேசன் சற்றே தடுமாறிப் பாடினான்.

*கேட்டா ஊரு சிரிக்குது,
கேக்காத நேரம் தூங்கல.*

"ஏன் பாதியில நிறுத்தறார்?"

"முருகேசனுக்கு விட்டுக் குடுக்குறாருங்க. பெருந்தன்மை."

"முருகேசனுக்கு முன்கூட்டிச் சொன்னாரா?"

"இல்ல. மொத மேடையில திடீர்னு நிறுத்திட்டு அவனையே பாத்துக்கினு நின்னாரு. வேற வழியில்லாம அவன் பாடிட்டான். அப்படியே பழகிப்போச்சு."

"ஜனங்களைப் பார்க்காம ஏன் பக்கவாட்டில நிக்கறார்?"

"அது ஸ்டைலுங்க. கூட்டத்த மதிக்காம நிக்கிறதுதான் கிரஞ்ச்."

பாடல் முடிந்தது. டிரம்ஸ் இடித்து ஓய்ந்தது. தாவீது தன் கிட்டாரைத் தலைக்குமேல் தூக்கிவிட்டான். ராக்கியோ அமைதியாகப் பின்வாங்கி, கடைசி இரண்டு செய்யுள்களை மீண்டும் முதலிலிருந்து பாடினான். தூக்கிய கிட்டாரோடு நின்ற தாவீதின் முகத்தில் வீடியோக்காரர் இரண்டு புறாக்களைப் பறக்கவிட்டிருந்தார்.

"இதுதாங்க எங்களுக்குள்ள இருந்த ஒரே சண்டை. எந்தப் பாட்டா இருந்தாலும் கடைசி ரெண்ட ரெண்டு தடவ பாடுவாரு. முடிஞ்சிருச்சுபா, முடிஞ்சிருச்சுபான்னு சொல்லுவோம். சரிம்பாரு. அடுத்த மேடையில மறுபடியும் பாடுவாரு."

"பேசறது எப்படி?"

"பேசவே மாட்டாரு. 'சரி', 'இல்ல'. அதுக்கு மேல வாயத் தொறந்தா பாட்டுதான்."

தாரா ஒளிநாடாவைப் பின்னோக்கி ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். ராக்கி தலையைச் சுழற்றும் கட்டம். காதுகளை மூடிய கறுப்புக் கம்பளித் தொப்பி அசையாமல் இருக்க, அதன் கீழிருந்து இடுப்புவரை நீண்ட கூந்தல் வட்டமிட்டது.

"கண்ணாயிரம், என்ன தெரியறது?"

"ஷாம்பு கம்பெனிக்கு நல்ல ஆளு."

"நெத்திப் பக்கம் பாருங்க."

கண்ணாயிரம் திரையருகே சென்றார். அவ்வளவு நீண்ட கூந்தலில் ஓர் இழைகூட முன்னால் விழவில்லை. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடியே இல்லை. இருப்பது முழுவதும் பின்புறமிருந்து வந்தது.

"தாவீது, இந்தத் தொப்பியை அவர் எப்பவாவது கழட்டிப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லங்க. கரண்ட்டு போய் நாங்கல்லாம் சட்டையக் கழட்டி வீசிக்கினு இருந்தப்பகூட அவர் கழட்டல. அதுவும் ஸ்டைலுன்னு நெனச்சோம்."

"இந்த வெயில்ல கம்பளித் தொப்பி ஸ்டைல் இல்ல. ஏதோ ஒண்ணுக்கு மூடி." தாரா செருப்பை மாட்டிக்கொண்டாள். "சின்ன காஞ்சிபுரம் போறோம். வைகாசி உற்சவம் நடந்துகிட்டிருக்கு."

ஆட்டோவில் தாவீது நடுவில் நெருக்கப்பட்டு அமர்ந்திருந்தான். "வேண்டுதலாங்க?" என்று அவன் ஐயத்தோடு கேட்க, "உனக்கு எந்தச் சாமி சரிப்படும்னு அம்மா இன்னும் முடிவு பண்ணல" என்றார் கண்ணாயிரம்.

சன்னிதித் தெருவில் பெருமாளின் பல்லக்கு ஒரு மண்டகப்படிப் பந்தலில் நின்றிருந்தது. பல்லக்குக்கு முன்னால், பாசுரம் ஓதும் கோஷ்டியினர் எதிரெதிராக இரண்டு வரிசைகளில் நின்றனர். வெற்றுடம்பு, பன்னிரு திருமண்காப்பு, மழித்த முன்னந்தலை, பின்னால் முடிந்த குடுமி. தாரா பந்தற்காலுக்குப் பின்னால் தாவீதை நிறுத்தினாள்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. வார்த்தை வேண்டாம். எங்க நிறுத்தறாங்க, யார் எடுக்கறாங்க, அதை மட்டும்."

தாவீது கண்களை மூடினான். இந்த வரிசை இரண்டு அடிகளை ஓதி நிறுத்தியது. எதிர் வரிசை அடுத்த இரண்டை எடுத்துக்கொண்டது. மீண்டும் இந்த வரிசை. ஓதியவர்கள் எவரும் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் நின்று தம் எதிரே நிற்பவரையே பார்த்தனர். அந்தப் பகுதி நிறைவை நெருங்கியது. கடைசி இரண்டு பாசுரங்கள் முடிந்தன. உடனே, எவரும் சொல்லாமலே, அவ்விரண்டையும் இரு வரிசையும் மறுபடி எடுத்தன.

தாவீது கண்களைத் திறந்தான்.

"சாற்றுமுறைன்னு பேர்" என்றாள் தாரா. "முடிக்கும்போது அந்த ரெண்டையும் ரெண்டு தடவை சொல்லித்தான் முடிப்பாங்க. சின்ன வயசிலேர்ந்து அப்படியே பழகின வாய்க்கு ஒரு தடவை பாடினா பாட்டு முடிஞ்ச மாதிரியே இருக்காது. நான் பொறந்தது அடுத்த தெருவில. இந்த இரண்டாம் தடவையைக் கேட்டுத்தான் எங்க வீட்டில உலை வைப்பாங்க."

"அப்ப அந்தக் கூந்தலு?"

"முடியாம அவுத்துவிட்ட குடுமி."

"தொப்பி?"

"முன்னந்தலைக்கு மூடி. போட்டோக்காரர் அதைக் கழட்டச் சொன்னார். உங்க ஆள் டீக்குப் போயிட்டார்."

கண்ணாயிரம் கோஷ்டியை நோட்டமிட்டார். "இத்தன நாளா இவங்கள எல்லாம் பக்திமான்னு நெனச்சுக்கினு இருந்தேன். இப்ப யாரப் பாத்தாலும் ராக் ஸ்டார் மாதிரியே இருக்குது. இதுல எது நம்மது?"

"அதுக்குத்தான் தாவீதைக் கூட்டிவந்தேன். சொல்லுங்க, இவங்கள்ல யார்?"

தாவீது அதற்குள் பார்த்துவிட்டிருந்தான். இடப்புற வரிசையின் ஓரத்தில், உயரமான ஓர் இளைஞன். அந்த இளைஞனும் இவனைப் பார்த்துவிட்டான். உதடுகள் பாசுரத்தை விடவில்லை. ஆனால் முகத்திலிருந்து நிறம் வடிந்தது. அவன் கெஞ்சவில்லை, தலையசைக்கவும் இல்லை. தூக்குத்தண்டனை எத்தனை மணிக்கு என்று கேட்பவனைப்போல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நேர் எதிரே, எதிர்வரிசையில், அதே மூக்கும் அதே உயரமும் உடைய ஒரு பெரியவர் நின்றிருந்தார்.

தாவீது திரும்பிக்கொண்டான்.

"இல்லமா. இவங்கள்ல யாரும் இல்ல."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பாத்துட்டேன். இவங்க இல்ல."

கண்ணாயிரம் வாயைத் திறந்தார். தாராவின் செருப்பு அவருடைய கால்விரல்மேல் இறங்கியது. அவர் வாயை மூடினார்.

தேடித் தரச் சொல்லி வந்தவனே, தேடிய பொருளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இல்லை என்கிறான். அவன் தன் மஸ்கட் பயணத்தைத் தானே உறுதிசெய்துகொண்டான் என்பது தாராவுக்குப் புரிந்தது. கூலி பேசிய வழக்கில் பொய்சொல்லும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு. அவள் மறுக்கவில்லை.

"சரி. அப்போ விசாரணை முடிஞ்சது" என்றாள்.

பந்தலில் நீர்மோர் வழங்கத் தொடங்கினர். கோஷ்டி சற்றுக் கலைந்தது. மூவரும் ஆளுக்கொரு தம்ளரோடு தெருமுனைக்கு நடந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் தடுத்தது.

"கொஞ்சம் நில்லுங்கோ. நீ கிட்டார் வாசிக்கற பிள்ளைதானே?"

அந்தப் பெரியவர். கையில் நீர்மோர்த் தம்ளர். பெயர் ஸௌந்தரராஜன் என்று தாமே சொல்லிக்கொண்டார்.

தாவீது ஓரடி பின்வாங்கினான். "இல்லைங்கய்யா. சும்மா உற்சவம் பாக்க வந்தோம்."

"பாத்தாச்சோன்னோ. இப்போ கேளு. அங்கே ஓரத்துல நிக்கறானே ராம்ப்ரஸாத், என் பிள்ளை. கோஷ்டியில எனக்கு எதிர்வரிசை. மாசியிலேர்ந்து என் எதிர்வரிசை உறுமறது."

கண்ணாயிரத்தின் நீர்மோர் மூக்கில் ஏறியது.

"கடைசி அடி வந்தா ஒரு கரகரப்பு. தொண்டை கட்டிண்டிருக்கு, மிளகுக் கஷாயம் குடுங்கோன்னு எல்லாரும் சொன்னா. நானும் ஆமாம் ஆமாம்னு சொல்லிண்டேன். ஒருநாள் வாலாஜாபாத்துக்குப் போறேன்னு ஆத்துலேர்ந்து கிளம்பினான். பின்னாடியே போனேன். பஸ்ஸே ஏறலை. நீங்க ஒத்திகை பண்ற கொட்டகைக்குப் போனான். ஜன்னல் வழியாப் பாத்தேன்."

"அம்மா, நமக்குப் போட்டிக்கு ஆளு வந்துட்டாரு" என்றார் கண்ணாயிரம், மூக்கைத் துடைத்தவாறே. "உங்ககிட்ட வாலாஜாபாத்துக்குப் போறேன்னு சொல்லியிருக்காரு. இவங்ககிட்ட வாலாஜாபாத்துலேருந்து வரேன்னு சொல்லியிருக்காரு. அந்த ஊருக்கு இவரால ஒரு டிக்கெட்டு கூட விக்கல."

"தொப்பியும் தெரியுமா உங்களுக்கு?" என்று தாரா கேட்டாள்.

"அதைத் தோய்ச்சு உலர்த்தறது யாருன்னு அவன் நினைச்சிண்டிருக்கான்? அவன் அம்மா. சாயம் போறதுன்னு தனியாத் தோய்க்கறா."

"உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியப்படாதும்மா." பெரியவர் தம்ளரைக் கையில் உருட்டினார். "தெரிஞ்சா நான் கோச்சுக்கணும். நான் கோச்சுண்டா அவன் அதை விடணும். விட்டா, முன்னே மாதிரி சாப்பாட்டுக்கு உக்காந்து எழுந்து போற வரைக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டான். இப்போ சாம்பார்ல உப்பு இல்லேன்னு சண்டை போடறான். அவன் அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமோ."

பெரியவர் தாவீதைப் பார்த்தார்.

"ஊருக்குத் தெரிஞ்சா எனக்கும் தெரிஞ்சாகணும். அதான் கஷ்டம். நீ இல்லேன்னு சொன்னதை நான் எதிர்லேர்ந்து பாத்தேன். காதுல விழலை, ஆனா தெரிஞ்சது. ஆறு மணிக்கோன்னோ? மண்டபத்து வாசல்ல போர்டு பாத்தேன். அஞ்சுக்கெல்லாம் இங்கே ஆயிடும். நானே அவனை ஒரு ஜோலியா வாலாஜாபாத்துக்கு அனுப்பறேன். என்ன ஜோலின்னு கேக்கமாட்டான்."

சொல்லிவிட்டு அவர் வரிசைக்குத் திரும்பினார்.

ஆறு மணிக்குச் சற்று முன்பாக, கல்யாண மண்டபத்தின் பின்வாசல் வழியே கம்பளித் தொப்பி உள்ளே வந்தது. அதற்குக் கீழே ராம்ப்ரஸாத் இருந்தான். தாவீதும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"சரியா?" என்றான் தாவீது.

"சரி" என்றான் ராம்ப்ரஸாத்.

துரு பாடியது. மணமேடையின் பிளாஸ்டிக் தோரணங்களுக்குக் கீழே ஒலிபெருக்கிகள் சிறிது நேரம் இருமிவிட்டுப் பின்னர் முழங்கின. கிட்டாரின் இரைச்சல் ஒரு சுவரைப்போல் எழுந்து நின்றது. ராம்ப்ரஸாத் பக்கவாட்டில் நின்று, முருகேசனைப் பார்த்து, அந்தச் சுவரைத் தன் குரலால் உடைத்தான். முருகேசன் இம்முறை தடுமாறவில்லை. எதிர்வரிசை என்றால் என்னவென்று தாவீது அவனுக்கு மேடைக்குப் பின்னால் சொல்லியிருந்தான். கடைசி இரண்டு செய்யுள்கள் வந்தன, முடிந்தன. டிரம்ஸ் ஓயவில்லை. மொத்தக் குழுவும் இரண்டாம் தடவைக்குள் ஒன்றாக நுழைந்தபோது, மண்டபத்துச் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஒருவர் வெளியே வந்து நின்று கேட்டார்.

ஆதிகேசவன் முன்வரிசையிலிருந்து எழுந்தார். வெள்ளைச் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு, "எடுத்துக்கறேன்பா" என்றார். "அந்த ரெண்டாவது ரவுண்டு அமர்க்களம். யாரோட ஐடியா?"

"எங்களுது இல்ல சார்" என்றான் தாவீது. அது உண்மை.

"போட்டோக்காரர் வந்திருக்காரு. பாடுறவர் மட்டும் தொப்பியக் கழட்டிட்டு நடுவுல வரட்டும்."

ராம்ப்ரஸாதின் கை மெல்லத் தொப்பிக்கு உயர்ந்தது. தாவீது அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

"தொப்பியக் கழட்ட முடியாது சார்."

"ஏம்பா? மூஞ்சி இல்லாத கேசட்ட எவன் வாங்குவான்? படம் இல்லன்னா கேசட் இல்ல."

"அப்ப கேசட் வேணாம் சார்."

அவன் அதை உரக்கச் சொல்லவில்லை. முருகேசன் தன் கிட்டாரின் கம்பியை வெறுமனே முறுக்கிக்கொண்டிருந்தான். ஆதிகேசவன் கைப்பையை எடுத்தார்.

தூணருகே நின்ற தாரா முன்னால் வந்தாள். "ஒரு கேள்வி சார். இவ்வளவு நேரம் முன்வரிசையில உக்காந்து கேட்டீங்க. அவர் ஒரு தடவையாவது உங்களைப் பார்த்தாரா?"

ஆதிகேசவன் யோசித்தார். "இல்ல."

"அவர் முகத்தை நீங்க முழுசாப் பார்த்தீங்களா?"

"பக்கவாட்டுல கொஞ்சம்."

"அப்படியும் எடுத்துக்கறேன்னு சொன்னீங்க. உங்களுக்குத் தேவைப்படாத முகம் வாங்கறவங்களுக்கு எதுக்கு?"

ஆதிகேசவன் கைப்பையோடு நின்றார். வியாபாரிகள் யோசிக்கும்போது உதடு அசையும். அவருடையதும் அசைந்தது. பிறகு புகைப்படக்காரரை நோக்கி, "மேடைக்குப் பின்னால போ. அங்கேருந்து எடு. அந்த முடி முழுசா விழணும்" என்றார்.

ராம்ப்ரஸாத் திரும்பி நிற்கவேண்டியிருக்கவில்லை. புகைப்படக்காரர்தாம் சுற்றிச் சென்றார்.

மண்டபத்துக்கு எதிரே ஒரு ஐஎஸ்டி பூத் இருந்தது. தாவீது கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு மஸ்கட்டுக்கு எண்களைச் சுழற்றினான். வெளியே தாராவும் கண்ணாயிரமும் நின்றிருந்தனர். அவனுடைய வாய் சிறிது நேரம் அசைந்தது. பிறகு அவன் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தான். கதவு சாத்தியிருந்தும் தேவசகாயம் திட்டும் குரல் தெருவுக்குக் கேட்டது.

கண்ணாயிரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். தொழில் விட்டுப்போனாலும் அவருடைய காது விட்டுப்போகவில்லை.

"கடல் தாண்டி வருது, ஒரு இடத்துல கூட பிசிறு இல்ல. இவரையும் குழுவுல சேத்துக்கச் சொல்லுங்கம்மா."

"முதல்ல அவர் மூச்சு விடட்டும்" என்றாள் தாரா.

உள்ளே தாவீது ரிசீவரைத் தள்ளிப் பிடித்தபடியே சிரித்துக்கொண்டிருந்தான்.